கொடியில் பூ இருக்கிறது, காய் இல்லை: சுரை, பீர்க்கு, புடலை, பாகல், பூசணிக்கு அறிகுறி பார்த்துத் தீர்வு

வீட்டுத் தோட்டத்துக் கொடிக்காய்கள் பற்றி எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் இருக்கும். "பூ நிறைய வருது, காய் பிடிக்கல, என்ன மருந்து அடிக்கலாம்?" கூடவே தூரத்திலிருந்து எடுத்த பந்தல் படம் ஒன்று வரும். அந்தப் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பூவுக்கு அடியில் என்ன இருக்கிறது, மஞ்சளானது அடி இலையா நுனி இலையா, கொடி வாடுவது காலையிலா மதியத்திலா என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். ஆடிப்பட்டக் கொடி பந்தலேறும்போதும் தைப்பட்டக் கொடி வெயிலில் பூக்கும்போதும் திரும்பத் திரும்பச் சொல்லி வந்ததை இங்கே அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் கொடிக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும்.

## எல்லாவற்றுக்கும் முன்: ஒரு கணுவைப் பாருங்கள்

கொடியின் நுனியிலிருந்து ஓரடி கீழே வந்து ஒரு கணுவைப் பிடித்துப் பாருங்கள். தண்டில் இலைக்காம்பு ஒட்டும் இடம்தான் கணு. அந்த ஒரே இடத்தில் நான்கு உறுப்புகள் இருக்க வேண்டும்: ஓர் இலை, பந்தலைப் பிடிக்கும் ஒரு பற்றுக்கம்பி, பக்கக் கிளையாக வளரப்போகும் ஒரு மொட்டு, அப்புறம் பூ அல்லது பூங்கொத்து. நான்கில் எது குறைகிறது, எது கெட்டிருக்கிறது என்பதுதான் கீழே வரும் தலைப்புகளுக்கு வழிகாட்டி.

இரண்டு கணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் கவனியுங்கள். அந்த இடைவெளி வழக்கத்தைவிட நீண்டு, தண்டு வெளிறி மெலிந்திருந்தால் கொடிக்கு வெயில் போதவில்லை. இடைவெளி சுருங்கி, இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து நெளிந்திருந்தால் நேராக 'இலை மஞ்சளாகிறது' தலைப்பின் கடைசியில் உள்ள தேமல் நோய்ப் பகுதிக்குப் போங்கள்.

## விதை முளைக்கவில்லை, அல்லது வித்திலை விரியவில்லை

பாகல், பீர்க்கு, புடலை மூன்றுக்கும் விதைத்தோல் கெட்டி. ஓர் இரவு ஊறவைக்காமல் போட்டிருந்தால் முதலில் பொறுமையாகக் காத்திருங்கள். இரண்டு வாரம் ஆகியும் தலை தெரியவில்லை என்றால் விரலால் மண்ணைக் கிளறி விதையை எடுத்து நசுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் ஈரம் போதவில்லை. கூழாக இருந்தால் ஈரம் அதிகம், அல்லது விதை பழையது. ஒரு விதையின் நீளத்துக்கு மேல் ஆழமாகப் புதைத்திருந்தாலும் முளை மேலே வரத் திணறும்.

முளை வந்து, விதைத்தோல் தொப்பி போல வித்திலைகளின் நுனியில் மாட்டிக்கொண்டு நின்றால் அதைப் பிடுங்காதீர்கள். வித்திலையும் சேர்ந்து கிழிந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஊறவிட்டால் பெரும்பாலும் தானே கழன்றுவிடும். தடித்த அந்த இரண்டு வித்திலைகளும்தான் முதல் சில நாட்களுக்கு நாற்றின் சோறு.

இன்னொன்று: கொடிக்காய்களுக்கு வேரை அசைப்பது பிடிக்காது. நாற்றாங்காலில் வளர்த்துப் பிடுங்கி நட்டதால் நின்றுபோன கொடிகள் ஏராளம். நேரடியாக விதைப்பது நல்லது. இல்லையென்றால் காகிதக் குவளையில் வளர்த்து, அடியைக் கிழித்து, குவளையோடு நட்டுவிடுங்கள்.

## இளம் இலையில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது

காலை ஏழு மணிக்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

ஆரஞ்சு கலந்த சிவப்பில், பளபளப்பாக, நீள்வட்டமாக ஒரு வண்டு இருந்தால் அது பூசணிச் செவ்வண்டு. வித்திலையையும் முதல் இரண்டு மூன்று இலைகளையும் குறிவைத்துத் தின்னும். அதிகாலையில் மந்தமாக இருக்கும், கையால் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். அதன் புழு மண்ணுக்குள் இருந்து வேரைத் துளைக்கும். அதனால் வண்டைக் கண்ட இடத்தில் மேல்மண்ணைக் கொத்திவிட்டு வெயில் காட்டுவது அவசியம்.

இலையில் ஓட்டை இல்லாமல், நரம்பு மட்டும் சல்லடையாக மிஞ்சியிருந்தால் புள்ளிகள் கொண்ட ஆமைவண்டும் அதன் முள்முள்ளான மஞ்சள் புழுவும்தான் காரணம். இலையின் அடியில் மஞ்சள் முட்டைக் குவியல் இருக்கும். அந்த இலையைக் கிள்ளி எறிந்தால் போதும்.

வெள்ளைக் கோடு பாம்பு போல வளைந்து வளைந்து ஓடியிருந்தால் இலைத்துளைப்பான். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நான்கு இலைக்கு மேல் வளர்ந்த கொடியை அது ஒன்றும் செய்துவிடாது. கோடு விழுந்த இலைகளை மட்டும் எடுத்துவிடுங்கள், மருந்து வேண்டாம்.

## கொடி நன்றாக ஓடுகிறது, பூவே இல்லை

வயது. விதைத்து ஏறக்குறைய ஒன்றரை மாதம் வரை பூ வராமல் இருப்பது கோளாறு அல்ல.

வெயில். நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது விழ வேண்டும். பக்கத்து மாடியின் நிழல் எப்போது விழுகிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள். பந்தலின் திசையை மாற்றிக் கட்டினாலே சில வீடுகளில் சரியாகிவிடுகிறது.

தழைச்சத்து. இலைகள் கரும்பச்சையாக, உள்ளங்கையைவிடப் பெரிதாக, தண்டு கொழுத்து, கணுவில் பூமொட்டு மட்டும் இல்லாமல் இருந்தால் உரம் அதிகமாகிவிட்டது. யூரியா, மீன் அமிலம், கோழி எரு மூன்றையும் நிறுத்துங்கள். சாம்பல் ஒரு கைப்பிடி போட்டுக் காத்திருந்தால் போதும். இந்த நிலையில் "பூ வரத்தான்" என்று மேலும் உரம் வைப்பவர்கள் அதிகம். அது காரியத்தைக் கெடுக்கும்.

நுனி கிள்ளாதது. சுரையில் பெண் பூக்கள் மூலக்கொடியைவிடப் பக்கக் கிளைகளில்தான் அதிகம் வரும். மூலக்கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டால், இலைக்கோணத்தில் தூங்கும் மொட்டுகள் கிளைகளாகக் கிளம்பும். அந்தக் கிளையின் நுனியையும் கிள்ளினால் மூன்றாம் தலைமுறைக் கிளை வரும். மாடித்தோட்டக்காரர்கள் 3ஜி கட்டிங் என்று சொல்வது இதைத்தான். சுரைக்கு இது நன்றாக வேலை செய்யும். பாகலுக்கு மூலக்கொடியிலேயே காய் வரும் என்பதால் அதைக் கிள்ளியே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பை போதவில்லை. கடைசிக் காரணம் இதுதான், செலவும் இதற்குத்தான். சுரை, பூசணி இரண்டுக்கும் ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்பது என் கணக்கில் குறைந்தபட்சம். சிறு பையில் இருப்பதை இப்போது மாற்றி நட முயலாதீர்கள். அடுத்த பட்டத்துக்குப் பெரிய பை வாங்கிக்கொள்ளுங்கள்.

## பூ கொத்துக் கொத்தாக வருகிறது, எல்லாம் உதிர்கிறது

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. இதில் பெரும்பாலும் கோளாறே இருப்பதில்லை.

பள்ளியில் செம்பருத்தியை அறுத்துப் பார்த்திருப்போம். மகரந்தமும் சூலகமும் ஒரே பூவில் இருக்கும். அந்த நினைப்பில்தான் சுரைப்பூவையும் பார்க்கிறோம். கொடிக்காய்களில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. இரண்டும் ஒரே கொடியில் இருக்கும். ஆண் பூதான் முதலில் வரும், எண்ணிக்கையிலும் அதுதான் அதிகம். ஒரு நாள் விரிந்து மகரந்தத்தைக் கொடுத்துவிட்டு, காம்போடு உதிர்ந்துவிடும். அதை எந்த மருந்தாலும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம்.

பிரித்துப் பார்ப்பது எளிது. இதழ்களைப் பார்க்காமல் இதழுக்கு அடியைப் பாருங்கள்.

சுரை: பெண் பூவுக்கு அடியில் பஞ்சு போன்ற மயிரோடு ஒரு குட்டிச் சுரைக்காய் இருக்கும், காம்பு குட்டை. ஆண் பூ நீண்ட மெல்லிய காம்பில் இலைக்கு மேலே எட்டிப்பார்க்கும்.

பூசணி: பெண் பூவின் காம்பு தடித்துக் குட்டையாக இருக்கும், அடியில் கோலிக்குண்டு அளவில் உருண்டை. ஆண் பூவுக்கு வெறும் நீளக் காம்பு, உள்ளே மகரந்தம் பூசிய ஒற்றைத் தூண்.

பீர்க்கு, புடலை: ஒரே தண்டில் வரிசையாக வரும் கொத்து முழுக்க ஆண் பூ. அதே கணுவிலிருந்து தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைப் பூதான் பெண். பீர்க்கின் பிஞ்சில் வரி இப்போதே தெரியும். இந்த ஆண் கொத்து உதிர்வதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம்.

பாகல்: இரண்டும் ஒற்றையாகவே வரும். பெண் பூவின் அடியில் சொரசொரப்பான சிறு பிஞ்சு இருக்கும். காம்பில் வட்டமாக ஒட்டியிருக்கும் குட்டி இலையைப் பார்த்து ஏதோ நோய் என்று நினைக்க வேண்டாம், அது பாகலின் இயல்பு.

இப்போது எண்ணிப் பாருங்கள்.

*ஆண் பூ மட்டும் வருகிறது, தொடங்கி இரண்டு வாரத்துக்குள்தான் ஆகிறது* என்றால் காத்திருங்கள்.

*மூன்று நான்கு வாரம் ஆகியும் பெண் பூ இல்லை* என்றால் முந்தைய தலைப்பில் சொன்ன வெயில், தழைச்சத்து, நுனி கிள்ளுதல் மூன்றையும் வரிசையாகச் சரிபாருங்கள். கடும் கோடையில் பகல் நீண்டு வெப்பம் ஏறும்போது ஆண் பூக்கள் இன்னும் கூடும். சித்திரையில் இந்தக் கவலை வந்தால் வெப்பம் தணியும்வரை கொடியை உயிரோடு வைத்திருப்பதே போதுமான வேலை. ஏக்கர் கணக்கில் பயிரிடுபவர்கள் இளம் பருவத்தில் எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்துப் பெண் பூவைக் கூட்டுகிறார்கள். பயிருக்குப் பயிர் அளவு மாறும். தோட்டக்கலை அலுவலரிடம் கேட்காமல் கைக்கணக்கில் கலக்க வேண்டாம். நான்கு பைக் கொடிகளுக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து.

*கோவைக்காய்* வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. விதையிலிருந்து வந்த கொடி வெறும் பூவாகவே பூத்துத் தள்ளினால் அது ஆண் கொடியாக இருக்கலாம், எத்தனை வருடம் காத்திருந்தாலும் காய்க்காது. காய்க்கும் கொடியிலிருந்து தண்டு வெட்டி வந்து நடுங்கள். பழுபாகலிலும் ஆண், பெண் தனித்தனிக் கொடிதான். அதற்கு இரண்டுமே வேண்டும்.

## பிஞ்சோடு பூ வருகிறது, பிஞ்சு பெருக்காமல் மஞ்சளாகி விழுகிறது

இதுதான் உண்மையான காய்பிடிப்புச் சிக்கல். விழுந்த பிஞ்சைத் தூக்கிப் போடாமல் கையில் எடுங்கள். தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளி, பிசின் துளி, மெத்தென்ற பகுதி ஏதாவது இருக்கிறதா?

### புள்ளி இல்லை, வெறுமனே சுருங்கி மஞ்சளானது

மகரந்தம் சேரவில்லை. பத்துக் கேள்வியில் ஏழெட்டுக்கு இதுதான் விடை. ஏன் சேரவில்லை என்பதற்குக் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

முதலில், வலை. மாடி முழுக்க நிழல்வலையோ கொசுவலையோ போட்டு மூடியிருந்தால் வண்டோடு தேனீயும் வெளியே நிற்கிறது. பூக்கும் பருவத்தில் பக்கவாட்டையாவது திறந்துவிடுங்கள்.

அடுத்து, மருந்து தெளித்த நேரம். பூ விரிந்திருக்கும் வேளையில் வேப்பெண்ணெய் அடித்தாலும் பூச்சிகள் அண்டாது. பூசணி, பாகல், வெள்ளரி, வெள்ளைப்பூசணி விடியலில் விரிந்து முற்பகலிலேயே சுருங்கும், அவற்றுக்கு மாலையில் தெளியுங்கள். சுரை, பீர்க்கு, புடலை மூன்றும் மாலையில் விரிந்து இரவெல்லாம் திறந்திருக்கும். அவற்றுக்கு அந்துப்பூச்சிகள்தான் முக்கிய விருந்தாளி. அதனால் அவற்றுக்கு அதிகாலையில் தெளியுங்கள். எல்லாக் கொடிக்கும் சேர்த்து மாலை ஐந்து மணிக்குத் தெளிக்கும் பழக்கம்தான் பல வீடுகளில் சுரை காய்க்காததற்குக் காரணம்.

மூன்றாவது, மழை. பூ விரிந்த நேரத்தில் மழை பிடித்தால் மகரந்தம் நனைந்து வீணாகிவிடும். ஐப்பசி மழையில் நாலு நாள் பிஞ்சு உதிர்ந்தால் கொடியைக் குறை சொல்ல வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் பூச்சி நடமாட்டம் இல்லையென்றால் நீங்களே மகரந்தம் சேர்த்துவிடுங்கள். அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு பறியுங்கள். இதழ்களை உரித்தால் நடுவில் மஞ்சள் தூள் பூசிய பகுதி மிஞ்சும். விரலில் தொட்டால் தூள் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையென்றால் வேறு பூவை எடுங்கள். பெண் பூவின் நடுவில் பிளவுபட்டுத் தடித்து, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருப்பதுதான் சூலகமுடி. அதன் எல்லாப் பிளவுகளிலும் படும்படி மெதுவாகத் தடவுங்கள், அழுத்த வேண்டாம். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும். பூசணிக்கும் பாகலுக்கும் காலை எட்டு மணிக்குள், சுரை, பீர்க்குக்குப் பூ விரிந்த மாலையில், புடலைக்கு இருட்டிய பிறகு. காலை பத்து மணிக்குச் சுரைப்பூவைத் தேடிப் போனால் சுருங்கிய பூதான் கிடைக்கும்.

எந்தப் பூவுக்குச் செய்தீர்கள் என்று காம்பில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள். சேர்ந்திருந்தால் மூன்று நான்கு நாளில் பிஞ்சு பருத்து, காம்பு தலைகீழாக வளையத் தொடங்கும். நூல் கட்டியவை பெருத்து மற்றவை விழுந்தால் காரணம் உறுதியாகிவிட்டது. தேமோர்க் கரைசலோ வேறு டானிக்கோ அடிப்பது கொடிக்குத் தெம்பு தரலாம். ஆனால் ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை அது செய்யாது.

### நூல் கட்டியவையும் விழுகின்றன

ஏற்கெனவே கொடியில் முற்றிய காய்கள் தொங்குகின்றனவா? அவற்றைப் பறித்துவிடுங்கள். விதை முற்றும் காய் கொடியின் சத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும், புதுப் பிஞ்சுகளைக் கொடியே உதிர்த்துவிடும். அடுத்து, தண்ணீர். ஒரு நாள் வறண்டு, மறுநாள் தேங்கும்படி ஊற்றினால் பிஞ்சு நிற்காது. தென்னை மட்டை, காய்ந்த இலை ஏதாவது கொண்டு மண்ணை மூடி வையுங்கள். இரண்டும் சரியென்றால் சத்துக் குறைவு. மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ இரண்டு கை அளவு வைத்து இரண்டு வாரம் பாருங்கள். அப்படியும் மாற்றம் இல்லையென்றால் மண் பரிசோதனைக்குக் கொடுப்பதுதான் அடுத்த படி.

### புள்ளி இருக்கிறது, பிசின் வடிகிறது

பிஞ்சை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈ. தாய் ஈ பிஞ்சின் தோலுக்கு அடியில் முட்டையிடும், புழு உள்ளிருந்து தின்னும், காய் கோணலாகி அழுகும். உள்ளே புழு புகுந்துவிட்ட காய்க்கு வைத்தியம் இல்லை. அடுத்த காயைத்தான் காப்பாற்ற முடியும்.

விழுந்த பிஞ்சு ஒன்றுகூடத் தரையில் கிடக்கக் கூடாது. புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். உரக்குழியில் போட்டாலும் அதுதான் நடக்கும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் சில நாட்கள் போட்டால் புழு செத்துவிடும்.

மகரந்தம் சேர்ந்து இதழ் வாடிய அன்றே பிஞ்சுக்குக் காகிதப் பையோ பழைய துணிப் பையோ மாட்டி வாயைக் கட்டுங்கள். இதழ் வாடும் முன் கட்டினால் மகரந்தம் சேராது. ஒரு வாரம் கழித்துக் கட்டினால் ஈ முந்திவிடும். புடலைக்குப் பழைய வேட்டித் துணியில் நீளப் பை தைத்து மாட்டுவது நன்றாகப் பலன் தருகிறது.

காசு செலவழிப்பதானால் இனக்கவர்ச்சிப் பொறி வாங்கலாம். இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை: மாமரத்துப் பழ ஈக்கு விற்கும் மீத்தைல் யூஜினால் குப்பி, கொடிக்காய் ஈக்கு வேலை செய்யாது. கொடிக்காய்களுக்குக் க்யூ லூர் என்று கேட்டு வாங்க வேண்டும். கடையில் வெறுமனே "பழ ஈ பொறி" என்று கேட்டால் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அந்தப் பொறியில் ஆண் ஈ மட்டும்தான் விழும். அதனால் பையை விட்டுவிட வேண்டாம்.

## காய் வருகிறது, உருவம் சரியில்லை

ஒரு முனை பருத்து மறுமுனை சூம்பியிருந்தால் மகரந்தம் அரைகுறையாகச் சேர்ந்திருக்கிறது. சூலகமுடியின் எல்லாப் பிளவுகளிலும் தடவச் சொன்னது இதற்காகத்தான்.

புடலை சுருண்டால் பெரும்பாலும் அது பந்தல் கம்பிமேல் படுத்திருக்கும். பிஞ்சாக இருக்கும்போதே கீழே தொங்கவிட்டு, நுனியில் ஒரு சிறு கல்லை நூலில் கட்டுங்கள். ஊர்ப்பக்கம் காலங்காலமாகச் செய்வதுதான்.

பூ ஒட்டியிருந்த அடிமுனை நீர்கோத்துக் கறுத்து அழுகினால், புழு இல்லையென்றால், தண்ணீர் ஒழுங்கில்லாமல் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. முதலில் தண்ணீரை ஒரே சீராக்குங்கள். முட்டைஓட்டுத் தூள் கரையவே மாதங்கள் ஆகும், இந்தக் காய்க்கு உதவாது.

## இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் முதல் கேள்வி.

அடி இலைகள் மட்டும், முழுசாக மஞ்சள். கொடி காய்க்கும் வயதில் ஒன்றிரண்டு இப்படிப் போவது இயல்பு. வேகமாக மேலேறி வந்தால் தழைச்சத்துக் குறைவு, தொழு உரம் வையுங்கள். ஓரம் மட்டும் தீய்ந்தாற்போலப் பழுத்தால் சாம்பல் சத்து போதவில்லை.

நுனி இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்கவில்லை. மண்ணில் இரும்பு இல்லாமல் இருக்க வேண்டும் என்பதில்லை. தண்ணீர் தேங்கினாலும் உப்புத் தண்ணீர் ஊற்றினாலும் இப்படி ஆகும். பை அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகு நுண்ணூட்டம் வாங்குங்கள்.

நரம்புகளுக்கு இடையே கட்டம் கட்டமாக மஞ்சள் புள்ளி, அடியில் சாம்பல் பூச்சு. அடிச்சாம்பல் நோய். மழை, பனிக்காலத்தில் ஓரிரு வாரத்தில் பந்தலையே கருக்கிவிடும். இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள், கீழ் இலைகளைக் கழித்துக் காற்று போக விடுங்கள், சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாக் கரைசலைத் தெளியுங்கள். ஒரு வாரத்தில் புது இலைகளுக்கும் ஏறினால் அலுவலரைக் கேட்டுப் பூஞ்சாணக் கொல்லி வாங்குங்கள்.

மேல்புறம் மாவு தூவினாற்போல வெள்ளை. சாம்பல் நோய். தொடக்கத்தில் அந்த இலைகளை எடுத்தாலே கட்டுப்படும். கந்தகத் தூளை எடுத்துக்கொண்டு வராதீர்கள். கொடிக்காய்களின் இலை மென்மையானது. கந்தகத் தூளும் தாமிர மருந்துகளும் இலையைக் கருக்கிவிடும். வேப்பெண்ணெய்க் கரைசலைக்கூட ஓர் இலையில் தெளித்து, மறுநாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குத் தெளிப்பது நல்லது.

பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாக, நுனி சுருங்கி, இலை நெளிந்து. தேமல் நோய். இது வைரஸ். வெள்ளை ஈயும் அசுவினியும் பரப்பும். மருந்து இல்லை. இதில் மட்டும் நான் இரக்கம் காட்டச் சொல்வதில்லை. கொடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். பூ இருக்கிறதே, நாலு பிஞ்சு இருக்கிறதே என்று விட்டுவைத்தால் பந்தலில் உள்ள எல்லாக் கொடிக்கும் பரவும். மீதிக் கொடிகளுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள்.

## கொடி வாடுகிறது

மதியம் வாடி மாலையில் நிமிர்ந்தால் ஒன்றுமில்லை. அகலமான இலை, வெயிலில் வேர் இழுப்பதைவிட வேகமாகத் தண்ணீரை விடுகிறது. மதியம் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை.

காலை ஆறு மணிக்கே வாடியிருந்தால் கோளாறு வேரிலோ அடித்தண்டிலோ இருக்கிறது. விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர். சேறாக இருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு வடிகால் துளையைக் குத்திவிடுங்கள்.

மண் சரியாக இருந்தால் அடித்தண்டைப் பாருங்கள். வெடித்துப் பிசின் வடிகிறதா, துளை இருக்கிறதா? பூசணிக்கு இங்கே ஒரு வழி உண்டு. அதன் கணுக்கள் மண்ணைத் தொட்டால் வேர்விடும். பழுதான இடத்துக்கு மேலே உள்ள இரண்டு மூன்று கணுக்களைத் தரையில் படியவைத்து ஈர மண் போட்டு மூடுங்கள். அடி போனாலும் கொடி பிழைக்க வாய்ப்பு இருக்கிறது.

தண்டும் நன்றாக இருந்தால் மோசமான ஒரு கொடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேரோடு வேராக முண்டு முண்டாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அவரை, தட்டைப்பயறு வேரில் இருக்கும் முடிச்சு பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், நகத்தால் தட்டினால் உதிரும், அது நல்லது. நூற்புழு முடிச்சு உதிராது, வேரே வீங்கியிருக்கும். இந்தப் பட்டத்துக்கு அந்த மண்ணில் கொடிக்காய் வேண்டாம். துலுக்கச் சாமந்தி போட்டு எடுங்கள், அடுத்து விதைக்கும் முன் மண்ணை வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். முடிச்சு இல்லாமல், அடித்தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் அது வாடல் நோய். கொடியைக் காப்பாற்ற முடியாது.

## சுரைக்காய் கசக்கிறது

இதில் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சமைக்கும் முன் ஒரு சின்னத் துண்டை நுனிநாக்கில் வைத்துத் துப்புங்கள். கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். வேகவைத்தாலும் அந்தக் கசப்புப் பொருள் போகாது. கசப்பான சுரைச் சாறு குடித்து இந்தியாவில் உயிரிழந்தவர்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்று நிபுணர் குழு அமைத்து எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி என்று எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சுரைக்காய் சாப்பிட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தக் கொடியைப் பிடுங்கிவிடுங்கள், அதன் விதையையும் எடுத்து வைக்காதீர்கள்.

## எப்போது, யாரிடம் போவது

தேமல் மூன்று கொடிக்கு மேல் பரவியிருந்தால், வாடல் ஒரே வரிசையில் அடுத்தடுத்து வந்தால், அடிச்சாம்பல் ஒரு வாரத்தில் நிற்காவிட்டால், பூச்சிக்கொல்லி வாங்கும் நிலை வந்தால், கடைக்காரரிடம் போகும் முன் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்கள். பக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருந்தால் இன்னும் நல்லது. நேரில் போக முடியாதவர்கள் கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

நேரில் போகும்போது ஒற்றை இலையைக் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். நுனியிலிருந்து ஒரு முழத் தண்டு, அதில் இலை, பற்றுக்கம்பி, பூ எல்லாம் இருக்கும்படி வெட்டுங்கள். நோய் பிடித்த ஓர் அடி இலை, ஒரு பிஞ்சு, வாடல் என்றால் மண்ணோடு கொஞ்சம் வேர். வேரைத் தவிர மற்றவற்றை ஈரமில்லாத செய்தித்தாளில் சுற்றுங்கள், பாலித்தீன் பையில் போட்டால் போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும். வேரை மட்டும் ஈர மண்ணோடு தனிப் பையில் கட்டுங்கள். விதைத்த தேதி, கடைசியாக வைத்த உரம், கடைசியாகத் தெளித்த மருந்து மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கையோடு எடுத்துப் போங்கள்.